தமிழ்நாட்டில் கேட்பியல்: படிப்பும் பணியும் வளர்ந்த வரலாறு

கேட்பியல் என்பது மனிதரின் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் அளந்து, அவற்றில் உள்ள குறைகளைக் கண்டறிந்து, கருவியாலும் பயிற்சியாலும் ஈடுசெய்ய உதவும் துறையாகும். மருத்துவமனைகளில் இது ஆடியாலஜி என்ற பெயராலேயே வழங்குகிறது. இத்துறையில் பட்டம் பெற்றுப் பணிபுரிபவர் ஆடியாலஜிஸ்ட் அல்லது கேட்பியலாளர் எனப்படுவார்.

காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் கேட்பியலாளரும் வெவ்வேறு பணியினர். காதில் சீழ் வடிதல், செவிப்பறை கிழிதல், கட்டி போன்ற நோய்களுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் அளிப்பவர் மருத்துவர். எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது, குறை நடுக்காதில் உள்ளதா உட்காதில் உள்ளதா, எந்தக் கருவி பொருந்தும், அதை எப்படிச் சரிசெய்து பழக்குவது என்பவற்றைக் கவனிப்பவர் கேட்பியலாளர். நோயாளி ஒருவருக்கு இவ்விருவருமே தேவைப்படுவது வழக்கம்.

பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தையின் குறை எந்த வயதில் தெரியவருகிறது என்பது, அக்குழந்தையின் பேச்சையும் படிப்பையும் பெருமளவு தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் கேட்பியல் வளர்ந்த வரலாற்றை, அந்த வயது படிப்படியாகக் குறைந்துவந்த வரலாறு என்றே சொல்லலாம். முன்பு பள்ளி வயதில் தெரிந்த குறை இன்று பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த வாய்ப்பு நகரங்களுக்குக் கிடைத்த அளவுக்குக் கிராமங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஆட்கள் தேவை என்பதே இப்படிப்பை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியதன் முதன்மைக் காரணம்.

போரில் பிறந்த துறை

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் வரலாற்றில் இரண்டு போர்க்காலங்களால் அறியப்படுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதற்கு ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்குப் பின், 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் இங்கே முறியடித்தனர். மைசூர்ப் படையின் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் முழங்கின. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் போரின் முடிவு தெரிந்துவிட்டது.

இத்தகைய வெடியோசை காதுக்குள் என்ன செய்யும் என்பது அக்காலத்தில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு உள்ளது. அதில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலை இவற்றுடையது. பேரோசையால் இவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அன்றைய போர்க்களங்களிலிருந்து உயிருடன் திரும்பியவர்களின் செவித்திறனை அளக்கக் கருவியும் இல்லை, அளக்கத் தெரிந்தவரும் இல்லை.

அளவிடும் முறை மெல்ல வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இசைக்கவையைத் தட்டி, காதருகிலும் காதின் பின்புற எலும்பிலும் வைத்துக் கேட்கச் செய்தனர். ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் விளக்கிய இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. தொலைபேசித் தொழில்நுட்பம் வளர்ந்தபோது ஒலியை மின்சாரத்தால் துல்லியமாக உண்டாக்க முடிந்தது. 1922இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1-ஏ என்ற ஆடியோமீட்டரை வெளியிட்டது. காக்ளியாவுக்குள் ஒலி அலையாகப் பயணம் செய்வதைக் கண்டறிந்த கியார்க் வான் பேக்கெசியும் புடாபெஸ்ட் நகரில் அஞ்சல்துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவரே. அவருக்கு 1961இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கருவி இருந்தும் இது தனித்தொழிலாக உருவானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. குண்டோசையில் காது பாதிக்கப்பட்ட வீரர்கள் பெருந்தொகையாகத் திரும்பியபோது அமெரிக்க ராணுவம் அவர்களுக்கென மறுவாழ்வு மையங்களை அமைத்தது. பென்சில்வேனியாவில் டெஷான் மருத்துவமனையில் பணியாற்றிய ரேமண்ட் கார்ஹார்ட், வீரர்களின் செவித்திறனை அளந்து, தகுந்த கருவியைத் தேர்ந்தெடுத்து, உதட்டசைவை வாசிக்கவும் பயிற்றும் முறையை வகுத்தார். போருக்குப் பின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் இதைக் கல்வித்துறையாக வளர்த்தார். ஆடியாலஜி என்ற சொல் பரவலானது 1945ஐ ஒட்டிய இந்தக் காலத்தில்தான்.

தமிழகத்தில் பள்ளியே முதலில் வந்தது

தமிழ்நாட்டில் செவித்திறன் குறைந்தோருக்கான முயற்சி மருத்துவமனையில் தொடங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. 1890களில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மறைப்பணியாளர் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அப்பள்ளி அவர் பெயரிலேயே இன்றும் இயங்குகிறது. பின்னர் சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட் போன்ற பள்ளிகள் வந்தன.

இப்பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் தந்தன. ஆயினும் பிள்ளைகள் இங்கு வந்து சேரும்போது ஐந்து, ஆறு வயதைக் கடந்திருந்தனர். அதுவரை பேச்சு வராததைப் பார்த்து வீட்டார் குழந்தையை ஊமை என்றே எண்ணியிருப்பர். குரல்வளையிலும் நாக்கிலும் குறை இராது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லியே குழந்தை பேசக் கற்கிறது. கேளாத குழந்தைக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த எளிய உண்மை சமூகத்தில் பதிய நெடுங்காலம் ஆயிற்று. "அவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று காத்திருக்கும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா இந்த வயதுக் கணக்கை மாற்ற முனைந்தது. கைக்குழந்தைகளையே சேர்த்துக்கொண்டு, காது கேட்கும் கருவியை அணிவித்து, தாயையும் உடன் அமர்த்திப் பயிற்சி தந்து, பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்புவதே அதன் நோக்கம். கைக்குழந்தையின் செவித்திறனை அளந்து சொல்லத் தெரிந்தவர் இல்லாமல் இத்தகைய பள்ளி நடக்காது. கேட்பியலாளரின் தேவை இவ்வாறு கல்வித்துறையிலிருந்தும் எழுந்தது.

வேலூரும் மைசூரும்

இந்தியாவில் கேட்பியல் ஆய்வுக்கு முன்னோடியான இடங்களுள் ஒன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே பணியாற்றிய காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒய். பி. கபூர் பள்ளிப் பிள்ளைகளின் செவித்திறனைச் சோதித்து, 1965இல் அமெரிக்கப் பேச்சு-செவித்திறன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளை மந்தமானதாக இருக்க வேண்டியதில்லை, ஆசிரியரின் குரல் அதற்குச் சரியாகக் கேட்காமலும் இருக்கலாம் என்பதை இத்தகைய சோதனைகள் காட்டின.

கபூரும் பேட் என்பவரும் நீலகிரியின் தோடர் மக்களிடம் நடத்திய ஆய்வு 1967இல் வெளியானது. வயதானால் காது மந்தமாவது இயற்கையா, நகர்ப்புற இரைச்சலின் விளைவா என்பது அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட கேள்வி. சூடான் நாட்டில் இரைச்சலற்ற சூழலில் வாழும் மபான் மக்களின் முதியோரைச் சோதித்து சாமுவேல் ரோசன் குழுவினர் 1962இல் கட்டுரை எழுதியிருந்தனர். அதே கேள்வியைத் தமிழ்நாட்டு மலைமக்களிடம் கேட்டுப் பார்த்தது வேலூர் ஆய்வு.

ஆய்வாளர் சிலர் இருந்தாலும் பயிற்சி பெற்ற பணியாளர் நாட்டில் மிகச் சிலரே. இக்குறையைப் போக்க மத்திய அரசு 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை நிறுவியது. 1966இல் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் மும்பை நாயர் மருத்துவமனையிலும் படிப்பு தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் தலைமுறைக் கேட்பியலாளர்களில் பலர் மைசூரில் பயின்று வந்தவர்கள். அவர்களிடம் பயின்ற மாணவர்கள் பின்னர் சென்னையில் துறைகளை வளர்த்தனர்.

சொல்லுக்கு மொழி வேண்டும்

ஆடியோமீட்டர் தரும் ஒலிக்கு மொழி கிடையாது. 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் மிகக் குறைந்த எந்த அளவு ஒலி கேட்கிறது என்று டெசிபலில் குறிப்பார்கள். அந்தக் கோட்டுப்படமே ஆடியோகிராம். ஆனால் நோயாளியின் குறை பெரும்பாலும் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்பதாக இருக்கும். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிக்கும். சகரம் போன்ற மெய்களின் ஓசை உயர்ந்த சுருதியில் மெலிதாக ஒலிக்கும். உயர்சுருதி கேளாதவருக்குக் காசு என்பதும் காது என்பதும் ஒன்றுபோலத் தோன்றலாம். இதை அறியச் சொற்களைச் சொல்லிக் காட்டித் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும்.

ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொண்டு தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரைச் சோதித்தால் காதைச் சோதித்ததாகாது. ஆங்கில அறிவைச் சோதித்ததாகிவிடும். எனவே தமிழில் எழுத்தோசைகள் பேச்சில் வரும் விகிதத்திலேயே அமைந்த சொற்பட்டியல் தேவைப்பட்டது. 1970களில் மைசூர் நிறுவனத்தின் முதுநிலை மாணவர் ஆய்வாக இத்தகைய தமிழ்ப் பட்டியல் உருவாக்கப்பட்டது. தொடர்ந்து குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேறு பட்டியல்கள் வந்தன. தமிழை, அதிலும் வட்டார வழக்கை அறிந்த கேட்பியலாளருக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும். பாட்டி ஒருவர் சொல்லைத் தவறாகக் கேட்டாரா, தம் ஊர் வழக்கில் சொன்னாரா என்பது அந்த வழக்கை அறிந்தவருக்கே தெரியும்.

சட்டமும் பதிவும்

நெடுங்காலம் காது கேட்கும் கருவி, கண்ணாடி போலக் கடையில் விற்கும் பொருளாகவே இருந்தது. சோதனை இல்லாமல் வாங்கிய கருவி இரைச்சலை மட்டும் பெருக்கித் தரும். வாங்கியவர் சில நாட்களில் அதை அலமாரியில் வைத்துவிடுவார். யார் சோதிக்கலாம், யார் சிகிச்சை தரலாம் என்று வரையறுக்க 1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கேட்பியலும் பேச்சு-மொழிச் சிகிச்சையும் குழுமத்தின் ஒழுங்குமுறைக்குள் வந்தன. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பயின்று மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இப்பணி செய்யலாம். பதிவின்றிப் பணிபுரிந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பியலாளரின் அளவீட்டுக்கு மேலும் எடை சேர்த்தது. பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. குறை 40 விழுக்காடு இருந்தால்தான் இடஒதுக்கீடு உள்ளிட்ட பல உரிமைகள் கிடைக்கும். எனவே ஆடியோகிராமில் வரும் சில டெசிபல் வேறுபாடு ஒருவரின் வேலைவாய்ப்பையே மாற்றக்கூடியது. துல்லியமும் நேர்மையும் இப்பணியின் உயிர்நாடியாக இருப்பது இதனால்தான்.

பிறந்த குழந்தையின் காது

பெரியவரிடம் "கேட்டால் கையைத் தூக்குங்கள்" என்று சொல்லலாம். பச்சிளங்குழந்தையிடம் எப்படிக் கேட்பது? இதற்கு விடையாக இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. ஒலி கேட்கும்போது செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைத் தலையில் ஒட்டிய மின்முனைகளால் பதிவு செய்யலாம் என்று 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜூவெட் காட்டினார். நம் மருத்துவமனைகளில் பெரா என்று வழங்கும் சோதனை இதுவே. ஒலியைக் கேட்ட உட்காது தானும் மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்தார். அந்த எதிரொலியைச் சிறு ஒலிவாங்கியால் பிடிக்கும் சோதனை ஓ.ஏ.இ. எனப்படும். தூங்கும் குழந்தையின் காதில் மென்மையான முனை ஒன்றை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழித்திறன், தாமதமாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறனைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததை அமெரிக்காவில் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் காட்டினர். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் உதவி என்ற ஒன்று-மூன்று-ஆறு விதி பின்னர் உலகில் பரவியது.

தமிழ்நாட்டுக்கு இவ்விதி சிறப்பாகப் பொருந்தும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பது இங்கு நீண்டநாள் வழக்கம். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேரும்போது பிறவிச் செவித்திறன் குறை தோன்றுகிறது. ஜி.ஜே.பி.-2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் இந்தியாவில் அடிக்கடி காணப்படுவது. கர்ப்பகால ருபெல்லா காய்ச்சல், குறைப்பிரசவம், கடும் மஞ்சள் காமாலை, ஜென்டமைசின் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணங்களாகலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் காதுகளையும் காக்கும் இயக்கமே.

அரசின் திட்டங்களும் இக்காலத்தில் வந்தன. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006-07இல் 10 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் 25 மாவட்டங்களில் தொடங்கியது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை சோதிக்க வேண்டிய 30 குறைகளில் பிறவிக் காது கேளாமையையும் சேர்த்தது. அதன் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கேட்பியலாளருக்கும் இடம் உண்டு.

உட்காது முற்றிலும் செயலற்ற குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியை அறுவை சிகிச்சையால் பொருத்தலாம். பல லட்சம் ரூபாய் செலவாகும் இதனை, 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியான குழந்தைகளுக்கு இலவசமாக்கியது. கருவி பொருத்திய நாளில் குழந்தைக்கு ஒலி கிடைக்கும், மொழி கிடைக்காது. அந்த ஒலி அம்மாவின் குரல், அந்த ஒலி நாய் குரைப்பு, அந்த ஒலி தன் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பழக்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். கருவியின் மின்னளவை அவ்வப்போது சரிசெய்வதும் அந்தப் பயிற்சியும் கேட்பியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் செய்பவை.

கிராமத்தின் கணக்கு

புள்ளலூரிலோ உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலோ பிறக்கும் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். பிறந்த மருத்துவமனையில் ஓ.ஏ.இ. சோதனையில் தேறவில்லை என்று தெரிந்தால் அடுத்தது பெரா. அந்த வசதி பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும்தான் உண்டு. செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டும். குழந்தை தூங்கினால்தான் பெரா எடுக்க முடியும். தூங்காவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். பின்னர் கருவி, பின்னர் வாரந்தோறும் பயிற்சி. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் வருமான இழப்பு. சோதனையும் சிகிச்சையும் இலவசமாக இருந்தும் குழந்தைகள் பாதி வழியில் நின்றுபோவதன் காரணம் இதுவே. அறுவை சிகிச்சைக்குரிய ஆறு வயது வரம்பும் இந்த அலைச்சலில் கடந்துபோகலாம்.

இந்தத் தூரத்தைக் குறைக்க போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேச்சு, மொழி, செவித்திறன் அறிவியல் துறையினர் ஒரு வழி கண்டனர். நடமாடும் வண்டியில் பெரா கருவியை வைத்து, செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் தொலைவில் இருக்கும் கேட்பியலாளரே அதை இயக்கிப் பச்சிளங்குழந்தைகளைச் சோதித்த முயற்சி 2013இல் ஆய்விதழில் வெளியானது. நேரில் எடுத்த சோதனையோடு முடிவுகள் ஒத்துவந்தன. தொடர்ந்து, பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் ஊரிலேயே முதல்கட்டச் சோதனை செய்ய, தேறாத குழந்தைகளுக்கு இணையவழிப் பெரா எடுக்கும் முறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் செயல்படுத்தப்பட்டு, அதன் முடிவுகளும் வெளியாயின.

குழந்தைகளோடு கிராமத்தின் கணக்கு முடிவதில்லை. காதில் சீழ் வடிவதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதும், காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதும் கேள்திறனைக் கெடுக்கும். தவில் வாசிப்போர், விசைத்தறியில் நிற்போர், ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் இயந்திர இரைச்சலில் வேலை பார்ப்போர் ஆகியோருக்கும் பாதுகாப்பு தேவை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் ஒன்று. வயது முதிர்ந்து காது மந்தமானவர்கள் வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிப் போவதும் ஊர்தோறும் காணும் காட்சி.

படிப்பும் வேலையும்

இளநிலைப் படிப்பின் பெயர் கேட்பியல், பேச்சு-மொழி நோய்க்குறியியல் பட்டம். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. மூன்றாண்டு பாடமும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள். மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும்; அவற்றுடன் உயிரியல், கணிதம் போன்ற பாடங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஒலியியல், உடற்கூறு, மொழியியல், உளவியல், மின்னணுவியல் எனப் பல துறைப் பாடங்கள் இதில் கலந்துள்ளன. அறிவியல் பிடித்து, மனிதரோடு பொறுமையாகப் பேசவும் பிடித்த மாணவருக்கு இப்படிப்பு பொருந்தும்.

தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ ராமச்சந்திரா, சென்னை காது-மூக்கு-தொண்டை ஆய்வு அறக்கட்டளையின் நிறுவனம், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகியவற்றில் இத்துறைப் படிப்பு உண்டு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இத்துறையில் சேவை அளிக்கிறது. மைசூர் நிறுவனத்திலும், மும்பையில் 1983இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும் தமிழக மாணவர்கள் பயில்கின்றனர். முதுநிலையில் கேட்பியல் தனியாகவும் பேச்சு-மொழி நோய்க்குறியியல் தனியாகவும் பிரியும். குறுகிய காலத்தில் பணிக்குச் செல்ல விரும்புவோருக்கு டி.எச்.எல்.எஸ். என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. சேரும் முன் கல்லூரிக்கு மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அங்கீகாரமற்ற இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. பதிவின்றிப் பணி செய்ய முடியாது.

மருத்துவமனை, காக்ளியர் இம்ப்ளான்ட் மையம், சிறப்புப் பள்ளி, கருவி தயாரிக்கும் நிறுவனம், தொழிற்சாலை, கல்லூரி, ஆய்வகம் எனப் பணியிடங்கள் பல. சிலர் சொந்த மருத்துவகம் நடத்துகின்றனர். கருவி விற்பனையில் கிடைக்கும் வருவாயும் நோயாளியின் நலனும் எதிரெதிராக இழுக்கும் தருணங்கள் அங்கே வரும். குறைந்த விலைக் கருவி போதுமான ஒருவரிடம் அதையே சொல்வதில்தான் இப்பணியின் மதிப்பு தங்கியிருக்கிறது.

சைகை மொழியின் இடம்

எல்லாக் குழந்தையையும் பேச வைப்பதே வெற்றி என்ற எண்ணத்தைக் காது கேளாதோர் சமூகம் ஏற்பதில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகையை விலக்கிப் பேச்சையே முதன்மையாக்கியது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி தடுக்கப்பட்டது. சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழி என்று மொழியியலாளர்கள் பின்னர் நிறுவினர். இந்திய அரசு 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை அமைத்தது. கருவியால் பயன்பெறாத, அல்லது மிகத் தாமதமாகக் கண்டறியப்பட்ட குழந்தைக்கு மொழியே இல்லாமல் போய்விடக் கூடாது. இதை உணர்ந்த கேட்பியலாளர் பெற்றோருக்கு எல்லா வழிகளையும் எடுத்துச் சொல்வார்.

இன்றைய தேவை

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறை உள்ளது. அவர்களில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவை. 2050இல் இவ்வெண்கள் முறையே 250 கோடியாகவும் 70 கோடியாகவும் உயரக்கூடும் என்று அவ்வறிக்கை கணிக்கிறது. மார்ச் 3 உலக செவித்திறன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் கருவி உண்டு, காப்பீடு உண்டு, சட்டம் உண்டு. பெரிய நகரத்துக்கு வெளியே, குழந்தையின் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில், அதன் தாயின் பேச்சு வழக்கில் பேசிப் பயிற்சி தரக்கூடிய கேட்பியலாளர்கள்தான் போதவில்லை. கிராமப்புறப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. அவர்களில் சிலர் இதைத் தேர்ந்தெடுத்துப் படித்துத் தம் மாவட்டத்துக்கே திரும்பினால், அங்கே பிறக்கும் குழந்தையின் செவித்திறன் குறை பள்ளியில் சேர்க்கும் நாளில் தெரியவருவது நின்று, தொட்டிலில் இருக்கும்போதே தெரியவரும்.